அம்புறோசுக்கு விட்ட இடம்

1

கதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பக்கத்து வளவு மேரிறோஸ் போன கிழமை ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மாஸ்ரர், இந்தப் படங்களை அல்பத்திலை ஒட்டிப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடப் போறன். ஒவ்வொண்டுக்கும் கீழை வடிவான எழுத்திலை ரண்டு வசனம் எழுதித் தாங்கோ" என்றாள்.

அவள் கேட்டது இரண்டு வசனம். நான் எழுதிக்கொண்டிருப்பது இதை. ஒரு வாத்தியாரிடம் எதையாவது எழுதக் கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

பிள்ளை என்றது அவளுடைய ஒரே மகள் மாக்கிறேற்றை. வருகிற சனிக்கிழமை கலியாணம், மாப்பிள்ளை நெடுந்தீவு. ரின்னுக்குள் இருந்தவை இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய துறைமுக ஊரின் படங்கள். அனுப்பியவர் மேரிறோசின் புருசன் அம்புறோஸ். 1957இல் கொழும்பில் கப்பலேறினார். மாக்கிறேற் அப்போது வயிற்றில். படங்கள் பல வருசம் வந்தன, பிறகு நின்றுவிட்டன. மனிதர் வரவேயில்லை. இருக்கிறார் என்றும் செய்தி இல்லை, செத்தார் என்றும் செய்தி இல்லை.

எங்கள் ஊர்காவற்றுறையில் இது எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதே என்று சொன்னேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அலைகடலைப் பார்த்தபடி அவள் காத்திருந்த" [வெட்டிவிட்டேன். மேரிறோஸ் கடலைப் பார்ப்பதில்லை. அவள் வீட்டு வாசல் சந்தைப் பக்கம். காத்திருக்க அவளுக்கு நேரமும் இல்லை. விடிந்தால் தையல் மெசின்.]

பிறகு இப்படி: "பனி கொட்டிய ஒரு மாலையில், தூர தேசத்தில், அம்புறோஸ்" [இதையும் வெட்டினேன். பனி கொட்டி நான் கண்டதில்லை. அம்புறோசின் மாலைகளைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது.]

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது. அது எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைப் பற்றியது.

வீட்டில் ஒருவர் தூர இடத்தில் இருந்தால், குடும்பப் படம் எடுக்கும்போது அவருக்கு இடம் விட்டு நிற்போம். பிறகு அவர் அங்கிருந்து அனுப்பும் படத்தை ஸ்ரூடியோக்காரர் வெட்டி, அந்த இடத்தில் ஒட்டி, மறுபடியும் படம் பிடித்துத் தருவார். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் இராயப்பு இதில் விண்ணன். அவர் செய்த ஒரு படத்தில், மலேயாவில் வேலை பார்த்த மகன் இங்கே தாயின் செத்தவீட்டில் நிற்கிறான்: கால் நிலத்தில் முட்டாமல், மற்றவர்களுக்கு இடப்பக்கம் விழுகிற வெயில் அவனுக்கு மட்டும் வலப்பக்கம் விழ. ஒருவரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆள் நிற்கிறான், அதுதான் வேண்டியது.

அம்புறோஸ் போனபிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் மேரிறோஸ் தன் வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நிற்கிறாள். தங்கையின் கலியாணத்தில், மாக்கிறேற் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, கோயில் பெருநாளில். "உங்கடை படம் ஒண்டு அனுப்புங்கோ" என்று எத்தனையோ தரம் எழுதினாள். அம்புறோஸ் தன் படத்தை அனுப்பவில்லை, ஊரின் படத்தை அனுப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால், "பாலம். காலமை." "சந்தைத் தெரு. மழை விட்டாப்போலை." அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

(இந்த அம்புறோஸ் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். நன்றாக நீந்துவார். கதாபாத்திரம் ஆக்குவதற்கு இது போதாது.)

3

அந்த ஊருக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. மேரிறோஸ் அதைச் சொல்வதில்லை. "அவரின்ரை ஊர்" என்பாள். சந்தைக்குப் போகிற வழியைச் சொல்வதுபோலத்தான் அதைப் பற்றிச் சொல்வாள்.

"பாலத்தாலை இறங்கினால் வலக்கைப் பக்கம் பேக்கரி. அதுக்கங்காலை கோயில். கோயில் மணிக்கூடு எப்பவும் பத்தேகால்தான். பாலத்திலை நடு வளைவிலை ஒரு கல்லுக் கழண்டு கிடக்குது மாஸ்ரர், கண்டனீங்களோ? ஆரும் திருத்தியிருப்பினமோ?"

"திருத்தியிருப்பினம்" என்பேன்.

"பேக்கரி வாசலிலை ஒரு நாய் படுத்திருக்கும். வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. அது இப்ப செத்திருக்கும், என்ன?"

காணாத ஊரொன்றின் நாய்க்காக மனம் வருந்துகிறவளை நீங்கள் கண்டிருக்கிறீர்களோ தெரியாது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பல வருசமாகக் கண்டுவருகிறேன். அந்த ஊரின் தெருவில் அவளோடு ஒருநாள் நடக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. பாஸ்போட்டுக்கு எழுதுகிற ஆசையில்லை. சும்மா, பாலத்தால் இறங்கி, பேக்கரி வரைக்கும்.

4

இந்த இடத்தில் கதை ஒழுங்காகப் போயிருக்கவேண்டும். "சந்தைத் தெரு" படத்துக்கு இரண்டு வசனம் எழுதப்போய்த்தான் வினை வந்தது. ஒரு கடைக்கு மேலே துணியில் ஏதோ எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என்ன கடை என்று எழுதலாமே என்று பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு கிரீடம். இரண்டு பக்கமும் கொடி. அதன் கீழே 1911.

இங்கிலாந்து ராசாவுக்கு முடிசூட்டிய வருசம். அம்புறோசின் அப்பனே அப்போது சின்னப் பெடியனாக இருந்திருப்பார்.

மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். பெண்களின் பாவாடை எல்லாம் நிலத்தில் இழுபடுகிறது. தெரு முழுக்கக் குதிரை வண்டி, ஒரு கார் கிடையாது. இவ்வளவு காலமும் நாங்கள் எல்லோரும் இதைப் பார்த்தோம். குளிர் ஊர், அதுதான் நீளமாக உடுத்துகிறார்கள் என்றோம். வண்டிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தெருவிலும் அப்போது வண்டிதானே ஓடியது.

ஆக, இவை அம்புறோஸ் எடுத்த படங்கள் அல்ல. எங்கேயோ பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கியவை. அவர் போய் இறங்கியபோது அந்த வடிவான பாலம் இருந்ததோ, யுத்தத்தில் குண்டு விழுந்து போயிற்றோ தெரியாது. தான் வாழ்ந்த ஊர் பெண்சாதிக்குக் காட்டக்கூடிய ஊராக இல்லை என்று நினைத்தாரோ? அல்லது தன் முகத்தைக் காட்ட முடியாத

[நிறுத்திவிட்டேன். ஆளைத் தெரியாமல் நியாயம் சொல்லப் புறப்படுகிறேன்.]

நாய் விசயம் வேறு. அது செத்து அரை நூற்றாண்டுக்கு மேல். அம்புறோஸ் அதைக் கண்டதே கிடையாது.

5

இனி இதை அவளுக்குச் சொல்வதா, விடுவதா? அதுதான் இந்தக் கதையில் உள்ள ஒரே கேள்வி.

சொல்லத்தான் வேண்டும், உண்மை அல்லவா என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சொன்னால் என்ன நடக்கும்? அவள் அம்புறோசை விடுவாள். சனிக்கிழமை மகளின் கலியாணப் படத்தில் பக்கத்து ஆளோடு சேர்ந்து நிற்பாள். அந்த இடம் அடைபடும். அதனால் ஆருக்கு இலாபம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையில் கலியாணம் முடிக்காத ஆம்பிளை ஒருவன்தான் இருக்கிறான். அவன்தான் பேனையைப் பிடித்திருக்கிறான்.

ஓம். எனக்கு அவள்மேல் விருப்பம். வளைத்துச் சொல்லி என்ன பயன்? இடம் விட்டு நிற்கிற அவளுடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். உயரம் சரியாக வருகிறது.

ஆகவே நான் உண்மையைச் சொன்னாலும் அது சுத்தமான உண்மையாக இராது.

வியாழக்கிழமை அல்பத்தைக் கொண்டுபோனேன். மாக்கிறேற்றின் கலியாணச் சட்டைக்கு மேரிறோஸ் முத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மேரிறோஸ், அம்புறோசிட்டைக் கமறா இருந்ததோ?"

"இல்லாமலோ? பேந்து ஆர் இதெல்லாம் எடுத்தது?"

"இல்லை, சும்மா கேட்டனான். உமக்கு அவர் அதைப்பற்றி எழுதினவரோ?"

"எழுதேல்லை." ஊசியை நிறுத்தினாள். "மாஸ்ரர், நான் ஒண்டு சொல்லுறன், சிரிக்கப்படாது. படம் எடுக்கிறவர் படத்திலை நிக்க ஏலாது. ஆனால் படத்தைப் பாக்கிறவை எல்லாரும் அவர் நிண்ட இடத்திலைதான் நிக்கினம். நான் இந்தப் பாலத்தைப் பாக்கேக்கை அவரின்ரை காலடித் தடத்திலை நிக்கிறன். இவ்வளவு காலமும் நான் தனிய இருக்கேல்லை. விளங்குதோ?"

விளங்கிற்று. 1911 என்பது வாய்வரை வந்தது.

"அந்த நாய்" என்றேன்.

"என்ன நாய்க்கு?"

"வடிவான நாய்" என்றேன்.

6

முடிவுகள். கையில் மூன்று இருந்தன.

(அ) கலியாணத்தன்று தந்தி வருகிறது. அம்புறோஸ் கொழும்பில் இறங்கிவிட்டார். [சினிமாப் படங்களில் நடக்கும். ஊர்காவற்றுறையில் நடக்காது.]

(ஆ) நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் அழுகிறாள். நான் கைலேஞ்சியைக் கொடுக்கிறேன். [இதை மூன்று தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் எனக்கு இனித்தது. அதனால்தான் கிழித்தேன்.]

(இ) அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாள். [இருக்கலாம். அவள் முகத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை.]

நான் முடிவெடுக்க முன்னரே சனிக்கிழமை வந்துவிட்டது.

7

கோயில் படியில் எல்லோரும் நிற்கிறார்கள். இராயப்பு கமறாவை முக்காலியில் பூட்டிவிட்டு ஆட்களை அங்கும் இங்கும் தள்ளி நிறுத்துகிறார். நெடுந்தீவுப் பகுதிக்கு அவசரம். குறிகட்டுவான் துறையில் தீவுக்குப் போகிற லோஞ்ச் காத்திராது. மேரிறோஸ் மகளுக்கு இடப்பக்கத்தில். தாய்க்கும் மகளுக்கும் நடுவில், அதே இடம்.

மாப்பிள்ளையின் மாமன் பொறுமை இழந்தார். "உதென்ன ஓட்டை? கிட்ட வாங்கோ, அந்த இடத்தை அடையுங்கோ!"

"அது தகப்பன்ரை இடம்" என்றார் இராயப்பு.

"தகப்பன் எங்கை?"

மாக்கிறேற் தாயைப் பார்த்தாள். இராயப்பு பெருமூச்சு விட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், நீங்கள் எண்டாலும் வந்து நில்லுங்கோவன். படம் வெறிச்செண்டு கிடக்குது."

எனக்குக் கால் எழுந்தது. மறைக்க மாட்டேன்; ஒரு படி ஏறியும் விட்டேன்.

"மாஸ்ரர்" என்றாள் மேரிறோஸ். கோபமில்லை, சிரிப்புமில்லை. "இதுக்குள்ளை வேண்டாம். நீங்கள் போய் இராயப்பு அண்ணைக்குப் பின்னாலை நில்லுங்கோ. அங்கை நிண்டு எங்களைப் பாருங்கோ."

நெடுந்தீவு ஆட்களுக்கு அது ஓர் ஆளைத் துரத்துகிற பேச்சாகப் பட்டிருக்கும். நான் இறங்கிப் போய் இராயப்புவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வியாழக்கிழமை அவள் சொன்னது நினைவு வர, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் என்னை விலக்கினாளோ, கடைசியில் ஓர் இடம் தந்தாளோ?

படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இராயப்பு அதில் ஒன்றும் ஒட்டவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவே கோயில் கதவு தெரிகிறது. மேரிறோஸ் நேரே பார்க்கிறாள்: கமறாவை, அல்லது அதற்குப் பின்னால் நிற்கிற ஒருவரை. 1911 பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்வேனா மாட்டேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தைப் பார்க்கிறபடியால் நீங்களும் இப்போது என்னோடு இராயப்புவுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். இடம் போதாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவள் பார்ப்பது என்னைத்தானா என்று நான் பார்க்கவேண்டும்.