கேட்பவர் ஆறுதல் சொல்லக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்து மின்விசிறியின் கிரீச் சத்தம் பதிவில் விழுமோ என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப் பேட்டி எடுக்க வருவதாக இருந்த கூடப் படிக்கிற தோழி போன் செய்து வர முடியாது என்றாள். குழந்தைக்குக் காய்ச்சலாம். காய்ச்சலிடம் போய் நான் சண்டையா போட முடியும்? "பரவாயில்லப்பா, குழந்தையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனைச் சோபாவில் எறிந்தேன். பரவாயில்லையாம்! மறுநாள் காலையில் அந்தப் பதிவோடு ஆய்வு வழிகாட்டி மேடத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரையும் பேட்டி எடுக்கப் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

என் ஆய்வு, வலிப்பு நோய் உள்ளவர்களின் கூடப்பிறந்தவர்களைப் பற்றியது. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்கிற கணக்கெல்லாம் இதில் கிடையாது. அப்படி ஒரு வீட்டில் வாழ்வது அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, அந்த அனுபவத்தின் சாரத்தை எழுத வேண்டும். பினாமினாலஜி என்று பெயர். அம்மா இன்றுவரை அதை ஏதோ மாத்திரையின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆராய்கிறவர் முதலில் தன்னுடைய அனுபவத்தை, தான் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருப்பதையெல்லாம் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் போடுவது என்பார்கள். என் தம்பிக்கு வலிப்பு இருப்பது மேடத்துக்குத் தெரியும். "உன்னோட கேள்விகளை வேற யாராவது உன்கிட்டயே கேக்கட்டும். உன் மனசுல என்ன கிடக்குன்னு முதல்ல உனக்குத் தெரியணும். இல்லேன்னா அடுத்தவங்க வாயில உன் பதிலத்தான் திணிப்பே" என்றார். சுருக்கென்றது. ஆனால் சரியான பேச்சு.

"நான் கேக்கறேனே" என்றான் தம்பி.

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை அவனுக்கு. விடுமுறை நாளிலும் கை சும்மா இருக்காது. "உன்னைப் பத்திதான்டா கேள்வியே. நீயே எப்படிடா கேப்ப?" என்றேன். "பேப்பர்ல இருக்கறதப் படிக்கத்தானே வேணும்? எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்" என்றான். குசும்புக்குக் குறைச்சல் இல்லை.

எனக்கு அவனோடு தனியாக உட்காரவே பயமாக இருந்தது, அதுதான் நிஜம். அவனுடைய முதலாளி வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார். கடைக்கு மேலேயே ஓர் அறை, இவன் போனால் பொறுப்பாளர் வேலை. அம்மாவிடம் கேட்டான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஷிப்டு பார்த்துவிட்டு அலுத்துப்போய் வந்திருந்த அம்மா, "அக்கா சரின்னா போ" என்று பந்தை என் பக்கம் உருட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் என் வாயைப் பார்ப்பதும், நான் ஆய்வு, ஆய்வு என்று தப்பித்து ஓடுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேறு வாங்கி வந்து, காகிதம்கூடப் பிரிக்காமல் பிரிட்ஜ் மேல் வைத்திருந்தான். எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருமுறை தாழிட்ட குளியலறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு விழுந்து, அதை உடைத்துத் தூக்கிய பிறகு, அம்மா எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். குளிக்கிறவர்கள் சத்தம் கொடுத்துக்கொண்டே குளிக்க வேண்டும். நான் குளித்தாலும் சரி, பாடிக்கொண்டுதான் குளிப்பேன். விருந்தாளிகள் எங்கள் வீட்டில் தங்க மாட்டார்கள். அந்தப் பொட்டலத்தை ஆளுக்கொரு தடவை தள்ளிவைத்துப் பால் பாத்திரம் எடுத்தோமே தவிர, யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வேறு வழியில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். ரெக்கார்டரை நடுவில் வைத்தேன். தாளின் தலைப்பிலிருந்த விதிகளை அவன் உரக்கப் படித்தான். "ஏன் என்று கேட்கக் கூடாது. எப்படி இருந்தது என்றே கேட்க வேண்டும். மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பக் கூடாது. கேட்பவர் ஆறுதல் சொல்லக் கூடாது." நிமிர்ந்து, "ரொம்பக் கல்நெஞ்சம்க்கா உங்க மேடத்துக்கு" என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதைக்கு மாறினான்.

"உங்க தம்பிகூட ஒரு வீட்டுல இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. காத்திருந்தான். விதியாயிற்றே. நான் பொதுவாக நாலு வார்த்தை, பாசம், பொறுப்பு, அது இது என்று அளந்தேன். அவன் தாளைப் பார்த்து, "ஒரு குறிப்பிட்ட நேரத்தச் சொல்லுங்க. அப்ப உடம்புல என்ன இருந்துச்சு?" என்றான். அந்தக் கேள்வியை எழுதியவள் நான்தான். அது இப்படி வந்து மேலே விழும் என்று எழுதும்போது தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுல ஒரு டம்ளர் கீழ விழுந்தா எனக்கு வயிறு கவ்வும்" என்றேன். "க்ளாஸ்ல யாராவது பெஞ்ச இழுத்தாக்கூட எழுந்து நின்னுடுவேன். எல்லாரும் பாப்பாங்க. சத்தம் வந்தா ஒரு பயம், வரலேன்னா அதவிடப் பயம். நான் உக்காந்திருப்பேன், படுத்திருப்பேன். ஆனா என் காது மட்டும் நின்னுக்கிட்டே இருக்கும். சினிமாவுக்குப் போனா படத்தப் பாத்ததே இல்ல. திரை வெளிச்சத்துல அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பேன். சில நேரம் எரிச்சல் எரிச்சலா வரும். அவன் மேலயா என் மேலயான்னு தெரியாது. எங்கயாவது ஓடிப் போயிடலாமான்னு இருக்கும். ஓடினாலும் இந்தக் காத எங்க விட்டுட்டுப் போறது?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேடத்திடம் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். அவன் முகத்தில் ஓர் அசைவு இல்லை. ஏதாவது சொல்லேன்டா, சிரியேன், திட்டேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவன் தாளின்மேல் விரல் வைத்து அடுத்த வரிக்கு நகர்ந்தான்.

"வலிப்பு வந்து முடிஞ்ச பிறகு எப்படி இருக்கும்?"

"அவன் கண்ணத் தொறக்கறதுக்குள்ள என் மூஞ்சியச் சரி பண்ணிக்கணும். அதுதான் ஓடும் மனசுல. ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கணும். அவன் பயந்துடக் கூடாது."

அவன் தாளை மடித்து மேசைமேல் வைத்தான்.

"நீ ஒழுங்கா சிரிக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கியாக்கா?"

"அது பேப்பர்ல இல்ல" என்றேன்.

"இல்லதான். எனக்கு வலிப்பு வந்து நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அந்த நேரத்துல நான் இல்லவே இல்ல. கண்ணத் தொறந்தா உன் மூஞ்சி இருக்கும். அதப் பாத்துதான், ஓகோ வந்துட்டுப் போயிருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். உன்ன மாதிரி யாராவது வந்து, உங்க வியாதி எப்படி இருக்கும்னு என்கிட்ட கேட்டா, எனக்குச் சொல்லத் தெரிஞ்சது உன் மூஞ்சி ஒண்ணுதான்." மடித்த தாளை விரலால் நீவினான். "மாத்திரை மாத்தினதுலருந்து வலிப்பு வரவே இல்ல. மூஞ்சி மட்டும் தினமும் வருது."

நான் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளிலிருந்த விதிப்படியே அந்த மௌனத்தை அவன் நிரப்பாமல் விட்டுவிட்டு எழுந்தான். பிரிட்ஜ் மேலிருந்த பொட்டலத்தை எடுத்தான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்னத் திருப்புளி போதாது என்று அலமாரியைத் துழாவிப் பெரியதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். திருகுகள் பலகைக்குள் இறங்குகிற சத்தத்தை உட்கார்ந்த இடத்திலேயே கேட்டேன். தடுத்திருக்கலாம். எழுந்து போய்த் திருப்புளியைப் பிடுங்கியிருக்கலாம், அம்மாவுக்குப் போன் செய்திருக்கலாம். அவன் கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனான். கதவு மூடியது. பிறகு, எங்கள் வீட்டில் இத்தனை காலமாகக் கேட்காத அந்தச் சத்தம். டொக்.

கதவுக்கு முன்னால் எப்போது வந்து நின்றேன் என்று தெரியாது. உள்ளே பாட்டு இல்லை, குவளையைத் தட்டுகிற சத்தம் இல்லை. வேண்டுமென்றேதான் செய்கிறான். தட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டேன்.

"அக்கா, அங்கதானே நிக்கறே?" என்றது குரல். கதவுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. "இப்ப எப்படி இருக்கு?"

கூடத்தில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. இது அதில் விழாது.

"காது கதவோட ஒட்டிக்கிட்டு நிக்குதுடா" என்றேன். "கதவ உடைச்சுடலாம் போல இருக்கு."

பயப்படாதேக்கா என்று சொல்லியிருக்கலாம், பாவி. சொல்லவில்லை. குழாயைத் திறந்தான். வாளிக்குள் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

மெலிந்த பலகைக் கதவு அது. தாழ்ப்பாளின் திருகுகள் நாலும் ஊடுருவி, அவற்றின் முனைகள் என் பக்கம் லேசாக எட்டிப் பார்த்தன. சுற்றிலும் பெயின்ட் பெயர்ந்து புது மரத்தூள் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். குத்தியது.

"டேய்" என்றேன். "அந்தக் கடை மேல இருக்கற ரூம்ல பாத்ரூம் கதவு உள்பக்கமா தொறக்குமா, வெளிப்பக்கமா?"

தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. விரலை அந்த முனையிலிருந்து எடுக்காமல், இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன்.