ஆமை திருமேனியைப் பார்த்த விதம்

நாணல்மேடு சதுப்புநிலப் பூங்காவில் யாரைப் பார்ப்பது என்பதைப் பறவைகள்தான் முடிவு செய்கின்றன. முன்பதிவு செய்தவர்களின் புகைப்படங்களை முந்தின நாள் மாலையே நாணல்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். பறவைகளும் மற்றவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். காலையில் வாசலில் பட்டியல் ஒட்டப்படும். பெயர் வந்தவர்கள் மரப்பாலத்தின் கடைசியில் இருக்கும் பலகை அறைக்குள் போய், சின்னத் திறப்புக்கு நேராக உட்கார்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்தவை வெளியிலிருந்து பார்க்கும். மூன்று முறை வந்தும் பெயர் வராதவருடைய அனுமதிச் சீட்டு ரத்தாகிவிடும். அதன் பிறகு அவர் பேருந்தில் அந்த வழியாகப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் திருமேனிக்கு அது மூன்றாவது முறை.

அவருடைய மனைவி அமிர்தவல்லிக்கு அந்தக் கவலையே இல்லை. முதல் முறை வந்தபோது ஒரு நீர்நாய்க் குடும்பம் அவளைப் பார்க்கக் கேட்டிருந்தது. இரண்டாம் முறை பதினோரு கூழைக்கடாக்கள். இத்தனைக்கும் அவள் எல்லாவற்றையும் கொக்கு என்றுதான் சொல்வாள். நீர்நாயையும் அப்படித்தான் சொன்னாள். திருமேனி ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்துவார். அவருக்கு நூற்று எண்பது பறவைகளின் பெயர் தெரியும். கழுத்தில் பைனாகுலர் வேறு.

அன்றைய பட்டியலில் அமிர்தவல்லியின் பெயர் இருந்தது. பத்தேகாலுக்கு நீலத் தாழைக்கோழி. திருமேனியின் பெயர் இல்லை. அவர் பட்டியலைக் கீழிருந்து மேலாகவும் ஒருமுறை படித்துவிட்டு, சட்டைப் பொத்தான்களை எண்ணத் தொடங்கினார்.

காவலர் ஜெபமாலை இரக்கப்பட்டுக் கருத்துப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாள். அரிவாள்மூக்கன் எழுதியிருந்தது: இவர் பாலத்தில் நின்று எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. அதற்குக் கீழே முக்குளிப்பான்: கூப்பிட்டதும் என்னை அறியாமல் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க மீன் பிடிக்க முடியவில்லை.

திருமேனி அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார். ஜெபமாலை ரத்து முத்திரையை மையில் ஒற்றினாள்.

"ஏம்மா, இவரைப் பாக்க இந்தச் சேத்துல ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

ஜெபமாலை முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடியே யோசித்தாள். கிழ ஆமை ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டு கண்ணும் போய்விட்டது, பக்கத்தில் உட்கார்ந்து ஆளை விவரிக்க யாராவது இருந்தால் அது பார்க்கும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. சொல்பவர் பொய் சொன்னால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு பார்வை முடிந்தது. சீட்டும் ரத்து.

தாழைக்கோழியிடம் மதியத்துக்கு நேரம் மாற்றிக்கொண்டு, அமிர்தவல்லி புடவையைத் தூக்கிச் செருகி அறைத் திறப்புக்கு வெளியே ஆமைக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தாள். திருமேனி அறைக்குள் போய்த் திறப்புக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுமாரான உயரம், முன்வழுக்கை, காதில் முடி என்று ஆரம்பித்தாள். ஆமை கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொன்னாள். பிறகு, ரொம்ப சாது, கோபமே வராது என்றாள். ஆமையின் தலை பாதி உள்ளே போனது.

"வரும்," என்று அவசரமாகத் திருத்தினாள். "வந்தா பொத்தானை எண்ணுவாரு. பொத்தான் தீர்ந்துட்டா என் மேல பாய்வாரு."

தலை மெல்ல வெளியே வந்தது. இன்னும் சொல் என்பதுபோல் கழுத்தை நீட்டியது. அமிர்தவல்லி ஆமையிடம் இன்னும் குனிந்தாள்.

"எனக்குக் கூழைக்கடா தெரியும், நத்தைகுத்தி தெரியும், எல்லாம் தெரியும்," என்றாள் தாழ்ந்த குரலில். "கொக்குன்னு சொன்னா இவரு திருத்துவாரு. அப்ப முகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதைப் பாக்கத்தான் முப்பது வருஷமா கொக்குன்னே சொல்லிட்டு வர்றேன்."

அறைக்குள் திருமேனி ஆமையின் கழுத்தையே பார்த்தார். அது அசையவில்லை. நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அவர் பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமிர்தவல்லி அதையும் ஆமைக்குச் சொன்னாள்.

பதிவேட்டில் ஆமையின் சார்பில் ஜெபமாலை 'நன்றாகத் தெரிந்தார்' என்று எழுதி, சீட்டை ஓராண்டுக்குப் புதுப்பித்துக் கொடுத்தாள். மதியம் தாழைக்கோழி வந்து அமிர்தவல்லியை நாலு நிமிடம் பார்த்துவிட்டுப் போனது.

மூன்றரை மணிக்கு இருவரும் வெளியே வந்தார்கள். சற்று முன்புதான் பேருந்து வந்து நிறுத்தத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அடுத்த நிறுத்தம் நாலேகாலுக்கு வரும் என்றார் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தவர். சனிக்கிழமைகளில் நிழற்குடையும் சேர்ந்தே வரும், உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். இருவரும் ஆளுக்கொரு பிஞ்சு வாங்கிக் கடித்துக்கொண்டு, நிறுத்தம் இறங்குவதற்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள்.