இருதயம் என்று எழுதப்பட்டவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துப் பதிவேட்டிலிருந்து வந்தது. அதில் நூற்றி நாற்பத்தொன்றாவது வரியில் என் பெயர், நேரே ‘இருதயம்’ என்று இருக்கிறது. என் இருதயத்துக்கு ஒன்றுமில்லை, கண்ணுகளா, பயப்படாதீர்கள்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் திணறினேன்.

“எங்கள் சிலியானா மலைகளில் பனி இறங்கிய ஒரு காலை—”

வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.

“அரசாங்கத்தின் மேற்பார்வை என்பது—”

[இது பேச்சுப் போட்டிக்கு ஆகும்.]

மேசையிலிருந்தே தொடங்குகிறேன். வாசல் மேசையில் பதிவு எழுதும் மொன்ஜி உட்கார்ந்து, வருகிறவர்களை “என்ன பண்ணுது?” என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். தூக்கம் போனாலும், பிள்ளையைப் பறிகொடுத்தாலும், ஆலிவ் காய்க்காமல் போனாலும் ஒரே பேச்சுதான்: நெஞ்சு இறுகுது. மொன்ஜி ‘இருதயம்’ என்று எழுதி இ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிடுவார்.

2

இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாதவர்களை நர்ஸ் வஸீலா சத்தமில்லாமல் பின்பக்கத்து அறைக்கு அழைத்துப் போவாள். அது மனநலத்துக்கென்று அரசாங்கம் திறந்த அறை. வியாழக்கிழமைதோறும் டாக்டர் வருவார். தேநீர் உண்டு, கேட்க ஆள் உண்டு. நான் அங்கே நாலு மாதம் பேசினேன், அதன் பிறகுதான் இரவில் தூங்கினேன்.

ஆனால் வஸீலா யார் பெயரையும் ‘மனநலம்’ என்ற கட்டத்தில் ஏற்றவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்தாள்.*

அரை வருடக் கணக்கு மேலிடத்துக்குப் போனது. இருதயம் இருநூற்றிப் பதினான்கு. மனநலம் ஒருவருமில்லை. பத்துப் பேராவது பதிவாகாத அறையை மூடிவிடலாம் என்பது விதி. பார்த்துவர லம்ஜத் என்ற ஆய்வாளரை அனுப்பினார்கள்.

* அவள்மேல் கோபப்படாதீர்கள். நாங்களும் அதைத்தான் விரும்பினோம்.

3

முதல் பிரதியில் லம்ஜத்துக்குப் பெரிய மீசை வைத்து, மேசையைத் தட்டவிட்டேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். வந்தவர் ஒல்லியான மனிதர். ஹரிஸா மிளகாய் விழுது தடவி, காகிதத்தில் சுற்றிய ரொட்டியைச் சாப்பிட்டபடியே பதிவேட்டைப் புரட்டினார்.

“ஏம்மா, இந்த ஊர்ல எல்லாருக்குமே இருதயக் கோளாறா? தண்ணியில ஏதாவது கலந்திருக்கா?”

“தண்ணி வந்தாத்தானே ஐயா அதுல ஏதாவது கலக்கும்” என்றாள் வஸீலா.

மொன்ஜி முந்திக்கொண்டார். “அவங்க சொன்னதத்தான் எழுதினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நெஞ்சு இறுகுதுன்னு.”

லம்ஜத் ரொட்டியைக் கீழே வைத்தார். “எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. பக்கத்துலயே மனநலம்னு கட்டம் இருக்கே, அதுல எழுதியிருக்கலாமே?”

“எழுதியிருக்கலாம். அப்புறம் அவங்க மச்சினனுங்க வந்து என்னை உதைச்சா, நீங்களா வந்து தடுப்பீங்க?”

லம்ஜத் சிரிக்கவில்லை. நெடுநேரம் வஸீலாவோடு உட்கார்ந்து ஒரு வழியை எழுதினார். கட்டத்தின் பெயரையே ‘நெஞ்சு இறுகுதல்’ என்று மாற்ற மேலிடத்தில் அனுமதி வாங்குவது அவர் பொறுப்பு. ஆனால் பழைய பதிவை வேறு யாரும் திருத்த முடியாது. சம்பந்தப்பட்டவரே வந்து, நகராட்சி ஆள் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் இருவர் முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பேர். அடுத்த வியாழன், இரண்டு மணிக்குள்.

4

நானும் வஸீலாவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வியாழக்கிழமை நிலையத்து மேசையில் முதல் கையெழுத்து என்னுடையது. [எழுபத்தொரு வயசில் என் கல்யாணத்தை யார் நிறுத்தப் போகிறார்கள்.] சாட்சியாக வந்த தலைமையாசிரியர், எட்டுப் பேரானதும் எழுந்து, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நானும் மார்ச் மாசத்து இருதயம்தான்” என்றார். அவர் இடத்தில் சாட்சிக்குத் துணை ஆசிரியை உட்கார்ந்தாள்.

ஒன்பது ஆயிற்று.

பத்தாவது, தஹ்பியா வரவேண்டும். தாபூனா என்ற மண் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்பவள். பெரிய மகன் இறந்தபின் ஒருநாள் அடுப்புக்குள் கையை விட்டு, எடுக்க மறந்து நின்றவள். வியாழக்கிழமை அறைதான் அவளை மறுபடி அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தது. முந்தின நாள்தான் போய்ப் பார்த்தோம்.

“போங்கக்கா. என் பொண்ணுக்கு நிச்சயமாயிருக்கு. மாப்பிள்ளையோட அம்மா காதுல விழுந்தா?”

“அறைய மூடிட்டா நீ எங்கடி போவ?”

அடுப்புச் சுவரிலிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தட்டில் போட்டாள். “அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வந்தாள், கையெழுத்துப் போட்டாள், கல்யாணமும் நடந்தது. [அளவுக்கு மீறித் தித்தித்தது.]

வரவில்லை. அப்படியானால் வியாழக்கிழமைகளில் என் வீட்டு முற்றத்தில் கூடுவோம் என்று வஸீலாவிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் அங்கே வரவும், மூடிய அறையைத் திறக்கவும் மனு எழுதி வைத்தாயிற்று. விடுவதாக இல்லை.

மூன்றாவதில், நானே அவள் பெயரை எழுதிவிட்டேன். கதையில் எனக்கு அந்த அதிகாரம் உண்டு. அப்புறம் மொன்ஜியை நினைத்தேன். அவரும் நல்ல எண்ணத்தில்தானே அவள் சொல்லாத ‘இருதயம்’ என்ற சொல்லை அவள் பெயருக்கு நேரே எழுதினார்? அந்தத் தாளைக் கிழித்தேன்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தஹ்பியா வந்தாள், இது நடந்தது. சட்டைக் கையில் மாவு. ஊசிக்குக் காத்திருந்த வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள், அதுவும் நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தஹ்பியா திரும்பிப் போகவில்லை. மேசைக்கு வந்தாள்.

மொன்ஜி பேனாவைத் தாளில் வைக்காமல் தூக்கியே பிடித்துக்கொண்டார்.

“சொல்லு தங்கச்சி, என்ன எழுதட்டும்? நீ சொல்ற வரைக்கும் நான் எழுத மாட்டேன்.”

தஹ்பியா மூச்சை இழுத்துக்கொள்கிறாள். இங்கே நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கண்ணுகளா. கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். அவள் குரல் தாழ்ந்த குரல்.