பத்துப் பேர் கழுவிய இயந்திரம்

சித்தூரை அடுத்த மாம்பழக்கூழ் ஆலையில் நான் ஷிப்ட் மேற்பார்வையாளர். மாலைதோறும் கூழ் பிழியும் இயந்திரத்தை நான்கு பெண்கள் கழுவுவார்கள். முடித்ததும் ஒவ்வொருத்தியும் கையை வெளியே எடுத்துத் தன் பெயரை உரக்கச் சொல்வாள். நான்கு பெயர்களும் கேட்ட பிறகே, நீர் விட்டு ஓட்டிப் பார்க்க, இயந்திரத்தை இயக்கும் சுந்தரி பொத்தானை அழுத்துவாள்.

பருவத்தின் உச்சத்தில் பழ லாரிகள் வாயில்வரை நின்றன. கழுவும் பெண்களை நான்தான் பத்தாக்கினேன். ஆள் கூடினால் ஆபத்து குறையும் என்று மேலாளர் முரளிதரனிடம் பெருமையாக வாதாடியும் இருந்தேன்.

“இன்னா மேடம், கல்யாணத்துக்கு ஆள் சேத்துகினு வந்துட்டீங்களா?” என்று கழுவுபவர்களில் ஒருத்தியான கிருஷ்ணம்மா சிரித்தாள்.

அன்று பத்துப் பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. எனக்கு எரிச்சல் மூண்டது.

“பேரெல்லாம் வேணாம். முடிச்சதும் ஒருத்தி ‘ஆச்சு’ன்னு சொல்லுங்க, போதும்.”

மூன்றாம் நாள் ஒரு முனையிலிருந்து யாரோ ‘ஆச்சு’ என்றாள். சுந்தரி பொத்தானை அழுத்தினாள். மறுமுனையில் கிருஷ்ணம்மாவின் வலக்கை இன்னும் உள்ளே இருந்தது. இரண்டு விரல்கள் போயின. அவளைத் திருப்பதி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை முரளிதரன் எல்லோரையும் நிறுத்தி விசாரித்தார்.

“இத்தினி பேர் இருந்துகினு ஒருத்தி கண்ணுலயுமா படல?”

“பக்கத்துல இருக்கறவ பாத்துக்குவான்னு நெனச்சேன் சார்” என்றாள் ரோஹிணி. மற்றவர்களும் அதையே முணுமுணுத்தார்கள்.

“அப்போ அமுக்கினவதான் பொறுப்பு. சுந்தரி, நாளையிலேந்து நீ வர வேணாம்.”

சுந்தரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மற்றவர்களின் சிறு பிழையையும் விடாது சுட்டிக்காட்டும் என் வாய், அவள் வெளியேறும்வரை திறக்கவில்லை.

இரவு முழுதும் உறக்கமில்லை. விடிந்ததும், பெயர் சொல்லும் முறையை நிறுத்தியவள் நானே என்று எழுதி முரளிதரனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, சுந்தரியைத் திரும்ப வரச் சொல்லும்படி சொன்னார். பிறகு கார்வேட்டிநகரம் பேருந்தில் ஏறிச் சுந்தரியின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

“என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ வேலைக்கு வரலாம்” என்றேன்.

“அத்தனை பேர் எதிர்ல தல குனிஞ்சிகினு நின்னேனே மேடம், அப்ப சொல்லியிருக்கலாமே?”

அவள் வாசலை விட்டு நகரவில்லை.

“கிருஷ்ணம்மாவப் போய்ப் பாத்தீங்களா?”

“இன்னும் இல்லை.”

“நான் நேத்தே போய்ட்டு வந்துட்டேன்” என்றாள் சுந்தரி. “திருப்பதி பஸ்ஸு எதிர்ப்பக்கம் நிக்கும்.”