ரோவீனா வீட்டுக்குப் போகவில்லை

ஓரின் துப்பாக்கியின் விசையை அழுத்திய பிறகு, தகட்டின் ஓசை மேய்ச்சல் நிலத்தைக் கடந்து வந்து சேர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அது தவறாமல் வந்துகொண்டே இருந்தது. தொள்ளாயிரம் கஜத்துக்கு அப்பால் வறண்ட ஓடைக்கரையில் தொங்கிய இரும்புத் தகடு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மேற்கிலிருந்து அடித்த காற்று புல்லைத் தரையோடு படுக்க வைத்திருந்தது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த ரோவீனா, "பட்டுச்சு, பட்டுச்சு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"இந்தப் பசு மாடுங்களுக்கு முன்னாடி சுட்டுக் காட்டி என்ன ஆகப்போகுது? அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புல போட்டி இருக்கு. போய் பேர் குடு" என்றாள்.

ஓரின் அவள் கணவனின் தம்பி. பண்ணை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு லாரி ஓட்டுகிறவன். ஆறடிக்கு மேல் உயரம். கரடி வந்தாலும் நகரமாட்டான். போட்டி என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும் முகத்தைத் துப்பாக்கிப் பையின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணி, அங்க வர்றவன் ஒவ்வொருத்தனும் கையில பிடிச்சிருக்கிறது என் லாரி விலை. நான் இந்த மரக்கட்டைப் பிடி போட்ட துப்பாக்கியத் தூக்கிட்டுப் போய் நின்னா, அடுப்புக்கு விறகு கொண்டு வந்துட்டான்னு சிரிப்பாங்க."

"சிரிச்சா?"

"சிரிச்சா என்னவா? அவங்க பேசற பாஷையே எனக்குப் புரியாது. எங்க நிக்கணும், எப்ப குண்டு போடணும், ஒண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் பாக்கலாம். நல்லதா ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்."

ரோவீனாவுக்கு அந்த 'அடுத்த வருஷம்' என்ற பேச்சே பிடிக்காது. கோல்வின் ஊரில் முடி திருத்தும் கடை அவளுடையதுதான். நாற்காலியில் வந்து உட்காரும் ஆண்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது ஒரு மேட்டில் படுத்துக்கொண்டு தகடு சுடுகிறவர்கள். கிளப் போட்டிக்குப் போனாயா என்று கேட்டால் எல்லோரும் அடுத்த வருஷம் போவார்கள். மான்டானாவில் பனி உருகுவதும் பெய்வதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது, ஒருவரும் போனபாடில்லை.

"சரி, நீ போகவேண்டாம். நான் போறேன்" என்றாள்.

ஓரின் வாய்விட்டுச் சிரித்தான். "நீங்களா? இப்பதானே உங்க முறையில நாலு தடவை குறி தவறவிட்டீங்க!"

"அதனாலதான் போறேன். உன்னை மாதிரி நல்லா சுடறவன் பயந்தா ஊரே பயப்படும். என்னை மாதிரி சுமாரா சுடறவ போனா, யாரு என்ன சாக்கு சொல்வான், பாக்கறேன்."

திங்கட்கிழமை கடையிலிருந்தே கிளப்புக்குத் தொலைபேசியில் பேசினாள். போட்டியை நடத்துகிற கெஸ்லர் மரியாதையாகத்தான் பேசினார். என்ன துப்பாக்கி என்று கேட்டார். மான் வேட்டைத் துப்பாக்கி, உள்ளே ஐந்து தோட்டா பிடிக்கும் என்றாள்.

"எங்க சுற்று ஒவ்வொண்ணும் பத்து குண்டு, மேடம். மத்தவங்க எல்லாம் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டியக் கழட்டி மாட்டற துப்பாக்கி வச்சிருப்பாங்க. நீங்க நடுவுல நின்னு ஒவ்வொண்ணா திணிச்சிட்டு இருக்கணும். முதல்ல சும்மா வந்து பாருங்களேன். ஒரு சீசன் பாருங்க. பழகிட்டு அப்புறம்..."

"என் துப்பாக்கிக்குத் தடைன்னு விதி இருக்கா?"

"தடைன்னு இல்ல..."

"அப்ப என் பேர எழுதிக்குங்க. ரோவீனா ஸ்ட்ராட். ட ரெண்டும் விட்றாதீங்க."

சனிக்கிழமை காலை அவள் போய்ச் சேர்ந்தபோது வண்டிகளின் பின்கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. மூன்றுகால் தாங்கிகள், மணல் பைகள், காற்றை அளக்கும் சின்ன விசிறிகள், காக்கி நிறத்திலும் நீல நிறத்திலும் கனத்த துப்பாக்கிகள். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தார்கள். கெஸ்லர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று விதிகளைச் சொன்னார். ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. ரோவீனாவுக்குப் பாதி விளங்கவில்லை. "கேள்வி இருக்கா?" என்றார் அவர். யாரும் கை தூக்கவில்லை. அவளும் தூக்கவில்லை. அதற்காகப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் சுற்றில் மரச்சட்டத்தின் மேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுட வேண்டும். ஐந்து குண்டு போனதும் விரல்கள் சட்டைப் பைக்குள் தோட்டாவைத் துழாவின. ஒன்று கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. இரண்டே இரண்டுதான் பட்டிருந்தன. பின்னால் காத்திருந்த ஒருவன், "மான் வேட்டை சீசன் அடுத்த மாசம்தானேப்பா?" என்றான். சிலர் சிரித்தார்கள்.

ரோவீனா திரும்பிப் பார்த்தாள். "ஆமா. மான் உன்னை மாதிரி பின்னால நின்னு வாய் பேசாது. அதனால சுடறது சுலபம்" என்றாள். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இந்த முறை அவனைப் பார்த்து.

இரண்டாவது சுற்றில் லாரி டயரின் மேலிருந்து மூன்று குண்டு சுட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஏணிக்கு மாற வேண்டும். டயரிலிருந்து மூன்றும் பட்டன. உடம்பெல்லாம் சூடேறியது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏணியை நோக்கி எட்டு வைத்தாள்.

"நிறுத்து!" என்று நடுவர் கத்தினார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே நின்றாள். நடுவர் அருகில் வந்து துப்பாக்கியைக் காட்டினார். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் மூடியிருந்தது, உள்ளே சுடத் தயாராக ஒரு தோட்டா. இடம் மாறும்போது போல்ட் பின்னால் திறந்திருக்க வேண்டும். காலையில் கெஸ்லர் ஒப்பித்த வாய்ப்பாட்டில் அதுவும் இருந்திருக்கிறது. அந்தத் தவறுக்கு மன்னிப்பு கிடையாது. அன்றைய போட்டியிலிருந்து வெளியேற்றம்.

கெஸ்லர் நடந்து வந்தார். கோபமில்லாத முகம், அதுதான் அவளை அதிகம் சுட்டது.

"இதுக்குத்தான் சொன்னேன், மேடம். ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா சுடறது வேற, இது வேற. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

ரோவீனாவின் காது மடல்கள் எரிந்தன. ஐம்பத்திரண்டு வயதில், இத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். துப்பாக்கியைக் காலி செய்தாள்.

"நீங்க வெளியேத்தினது சரி. என் தப்பு. யார் மேலயாவது பட்டிருக்கும்" என்றாள். "ஆனா வீட்டுக்குப் போகணும்னு விதி இருக்கா?"

"அப்படி இல்ல. பொதுவா எல்லாரும் போயிடுவாங்க."

"நான் போகல."

துப்பாக்கியை வண்டியில் பூட்டி வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியை எடுத்து வந்து தன்னோடு சுட்ட குழுவுக்குப் பின்னாலேயே போட்டு உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. தொற்றுநோய்க்காரிபோல அவளைச் சுற்றி இடம் விட்டார்கள். சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டாள். ஒவ்வொருவரும் எப்படி நகர்கிறார்கள், போல்ட்டை எப்போது இழுக்கிறார்கள், பையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல், குழுவில் இருந்த ஹாலிஸ் என்ற பல் மருத்துவர், காபிக் குடுவையுடன் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"இன்னும் இருக்கீங்களே! நானா இருந்தா ஓடியிருப்பேன். உண்மையில ஓடித்தான் போனேன்" என்றாள்.

"என்னது?"

"என் முதல் போட்டியில. இதே தப்புதான். கார்ல உக்காந்து அழுதுட்டு, ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வரல." குரலைத் தாழ்த்தினாள். "அதோ, மான் சீசன் கேட்டாரே, அவரும்தான். போன வருஷம். இங்க நிறைய பேருக்கு நடந்திருக்கு. யாரும் வெளியில சொல்றதில்ல."

ரோவீனா காபியைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்றதில்ல?"

ஹாலிஸ் தோளைக் குலுக்கினாள். "வெக்கமா இருக்கு. வேற என்ன."

வீடு திரும்பியபோது ஓரின் அவள் கணவனோடு வாசலில் பீர் குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"நான் சொன்னேனா இல்லையா, அண்ணி? அது நமக்கான இடம் இல்ல."

"கடைசி இடம்கூட எனக்கு இல்ல. கடைசி இடம் வாங்கறதுக்கும் போட்டிய முடிக்கணுமாம்" என்றாள் ரோவீனா. "ஆனா என்னைப் பாரு. கை கால் இருக்கா? மூக்கு இருக்கா? எதாவது அறுந்து விழுந்துச்சா? அடுத்த மாசமும் போறேன்."

செய்தி ஊருக்குள் பரவும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன் தானே பரப்பிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவர் கழுத்திலும் துணியைக் கட்டி, கத்தரியைக் கையில் எடுத்த பிறகு, தான் வெளியேற்றப்பட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னாள். கத்தரி காதோரம் இருக்கும்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. ஆள் இல்லாத நேரங்களில் காலித் துப்பாக்கியோடு கடைக்குள் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறினாள். சுடு, போல்ட்டை இழு, நட. சுடு, இழு, நட. தபால்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கடிதங்களைக் கதவிடுக்கில் செருகிப் போய்விட்டார்.

மறுமாதப் போட்டிக்கு ஓரின் அவளைக் கொண்டுவிட வந்தான். வேடிக்கை பார்க்கத்தான் என்று நாலு முறை சொன்னான். பதிவு மேசையில் தன் பெயரும் கூப்பிடப்பட்டதும் அண்ணியைப் பார்த்தான்.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க?"

"உன் துப்பாக்கி வண்டியிலதான் இருக்கு. கம்பளிக்கு அடியில. போய் எடுத்துட்டு வா."

அவன் வண்டிவரை போனான். சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்புவது கேட்டது. ரோவீனா திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அணைந்தது.

கெஸ்லர் பெட்டியின் மேல் ஏறினார். விதிகளை ஒப்பித்தார். "கேள்வி இருக்கா?"

ரோவீனா கையைத் தூக்கினாள். "இருக்கு. போல்ட் எப்ப திறந்திருக்கணும்னு மெதுவா சொல்லுங்க. செஞ்சும் காட்டுங்க."

"அது எல்லாருக்கும் தெரியும், மேடம்."

"எனக்குத் தெரியாமத்தான் போன மாசம் வெளியில போனேன்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நான்தான் அது. ரோவீனா. இன்னிக்கு முதல் தடவையா வந்தவங்க யாராவது இருந்தா என்கிட்ட வாங்க. என்னென்ன தப்பு பண்ணக்கூடாதுன்னு இங்க என்னைவிட நல்லா தெரிஞ்சவ யாரும் இல்ல."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் ஹாலிஸ், "நானும் வெளியேத்தப்பட்டவதான்" என்றாள். மான் சீசன்காரன் தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினான். பிறகு இன்னொரு கை. இன்னொன்று. பின்வரிசையில் யாரோ, "கெஸ்லர், உன் கையையும் தூக்குய்யா! அந்தக் கொட்டகைக் கூரையில ஓட்டை போட்டது யாரு?" என்று கத்தினார். மொத்தக் கூட்டமும் சிரித்து உருண்டது. கெஸ்லரின் கழுத்து சிவந்தது. சிரிக்கவும் முடியாமல், கோபப்படவும் முடியாமல், கடைசியில் ஒரு துப்பாக்கியை வாங்கி, போல்ட்டை இழுத்துத் திறந்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இப்படி" என்றார். "இப்படித் திறந்த பிறகுதான் காலை எடுக்கணும்."

கூட்டம் கலைந்தபோது ரோவீனாவைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் முயல் வேட்டைத் துப்பாக்கி கொண்டு வந்திருந்தார். ஓர் இளம் தம்பதி இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. எல்லோருக்கும் பின்னால் ஓரின், தன் மரக்கட்டையைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு.

முதல் சுற்றில் அவன் ஒன்றுகூடப் பட வைக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் ஒரு குண்டும் வீணாக்காத அதே கைகள் இங்கே அவசரப்பட்டன. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சொன்னேன்ல, அண்ணி. சொன்னேன்ல."

"பூஜ்யம். சரி, அடிமட்டத்தைத் தொட்டாச்சு. இனி கீழ போக இடமில்ல" என்றாள் அவள். "அடுத்த சுற்றுல காத்துதான் முக்கியம். இவங்க எல்லாம் விசிறி வச்சு அளக்கறாங்க. நீ புல்லைப் பாத்துச் சுடு."

அவன் படுத்தான். முதல் குண்டு தகட்டின் ஓரத்தைத் தட்டியது. அதன் பிறகு நடுவர் "பட்டுச்சு" என்று சொல்ல, ரோவீனாவின் உதடுகளும் ஓசையில்லாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தன.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். ஓரின் பட்டியலின் நடுவில் எங்கோ வந்தான். இந்த முறை போட்டியை முடித்த ரோவீனாவுக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரின் துப்பாக்கி பாதியில் பழுதாகியிருந்தது. அவள் எழுந்து நின்று தனக்குத்தானே கை தட்டினாள்.

கெஸ்லர் அவள் வண்டி அருகில் வந்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு இன்னிக்கு. இனிமே காலையில புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்ச நேரம் நீங்க பேசினா..."

"பேசறேன். கூடவே ஒண்ணு. அஞ்சு தோட்டா துப்பாக்கிக்காரங்களுக்குத் தனிப் பிரிவு வேணும். அஞ்சு குண்டு சுடட்டும், அஞ்சுக்கு மதிப்பெண் போடுங்க."

கெஸ்லர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அது கஷ்டம். கமிட்டி ஒத்துக்காது. விதிய இஷ்டத்துக்கு மாத்த முடியாது, மேடம்."

"கமிட்டி எப்ப கூடுது?"

"வர்ற வியாழக்கிழமை. ஆனா அது உறுப்பினர்களுக்கு மட்டும்."

"உறுப்பினர் ஆகறதுக்கு என்ன பண்ணணும்?"

அவர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு போட்டியில கலந்துக்கிட்டிருந்தா போதும். ஆனா அந்த முதல் போட்டி..."

"வெளியேத்தினீங்க. கலந்துக்காமலா வெளியேத்தினீங்க?"

ஓரின் துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். கொஞ்ச தூரத்தில் அந்தத் தம்பதி, முயல் வேட்டைக்காரர், ஹாலிஸ், எல்லோரும் போகாமல் நின்றிருந்தார்கள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று ரோவீனா கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அவர்களைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "வியாழக்கிழமை யாருக்கெல்லாம் வேலை இல்ல? கைய தூக்குங்க."