புழுப் படமும் ஊருணிப் பொடியும்

யூனியன் ஆபீஸ் வந்த மறுவருஷம், கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே முந்திரிக் காட்டோரம் ஜெய்னுலாப்தீன் ராவுத்தரின் டூரிங் கொட்டகையில் இங்கிலீஷ் படம் ஒன்று ஓடியது. இங்கிலீஷ் படமென்றால் கொட்டகை ஆள் ஆண்டியப்பன்தான் மைக்கில் கதை சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தப் பாஷையில் ஓர் எழுத்தும் தெரியாது. திரையில் வாய் அசைவதைப் பார்த்து அவனாக ஒரு கதை கட்டுவான். அதில் மாமியார் சண்டையும் வரும், பங்காளித் தகராறும் வரும்.

இந்தப் படத்தில் ரயில் நீளத்துக்கு ஒரு புழு ஏரியிலிருந்து எழுந்து ஊரை மேய்ந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் அதே ஏரியில் பொடி மூட்டைகளைக் கொட்டினார். டாக்டர் மருந்து போடுகிறார், புழுவை ஒழித்துவிடுவார் என்று சொல்லிவிட்டான் ஆண்டியப்பன். உண்மையில் அவர் பூச்சிமருந்துக் கம்பெனி முதலாளி. அவர் கொட்டிய கழிவைத் தின்றுதான் புழு அப்படிப் பெருத்திருந்தது.

மறுநாள் காலை ஊருணிக்குப் போன பெண்கள் குடத்துக்குள் உற்றுப் பார்த்தார்கள். நேற்றுவரை துணியில் வடிகட்டி உதறிய கூத்தாடிப் புழு, இன்றைக்கு அவர்களை நடுங்க வைத்தது. மருந்து கேட்டு யூனியன் ஆபீசுக்கு ஆள் போனது. பி.டி.ஓ. ஆத்மநாதனுக்குப் பரம சந்தோஷம். கடலைக் காட்டுக் கம்பளிப்புழுவுக்கென்று வந்த பொடி, வாங்க ஆளில்லாமல் கோடவுனில் கிடந்தது. விடிந்ததும் ஊருணியில் போட்டுவிடலாம் என்று தமுக்கடிக்கச் சொன்னார்.

செவந்திக்குச் செய்தி தெரிந்தபோது மதியமாகிவிட்டது. அந்த ஊரில் காலேஜ் முடித்த ஒரே ஆள் அவள்தான். ஊரே குடிக்கிற தண்ணீருக்கு அந்த ஊருணியை விட்டால் வேறு கதியில்லை. நேரே ஆபீசுக்குப் போனாள்.

"மூட்டை மேலயே மண்டை ஓடு போட்டிருக்கு சார்."

"அது பூச்சிக்கும்மா" என்றார் ஆத்மநாதன். மேஜையிலிருந்த ஒரு காகிதத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். கிராம சேவிகை வேலைக்கான ஆர்டர். அவள் பெயர் இருந்தது. அவர் கையெழுத்து மட்டும் இல்லை. "நாளைக்கு இதே ஆபீஸ்ல உக்காரப் போறவங்க நீங்க. மேலிடம் அனுப்புன மருந்தை நீங்களே விஷம்னு சொல்லலாமா?"

காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். ஊரில் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை சிரித்தாள். கண்ணால் படத்திலேயே பார்த்தாயிற்று, அந்த டாக்டரை விடவா நீ படித்துவிட்டாய் என்று கேட்டாள்.

படத்தை அவளும் பார்த்திருந்தாள், அந்த ஆள் டாக்டரே இல்லை. எரிச்சலில் செவந்திக்குப் பல் நறநறத்தது. ஆனால் கோபப்பட்டு என்ன, பொய் சொன்ன இடத்தில்தானே உண்மையும் சொல்ல வேண்டும்? கொட்டகைக்குப் போய் மைக் கேட்டாள்.

ராவுத்தர் தாடியைத் தடவியபடி யோசித்தார். பி.டி.ஓ.வும் அன்றைக்குப் படத்துக்கு வருவதாக இருந்தது.

"எம் பொழப்பு லைசென்சுல நிக்கிதும்மா" என்றார். பிறகு மைக்கைப் பார்த்தபடி, "அந்தத் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன். ஏலே ஆண்டி, எந்திரிச்சுக் குடு."

சாயங்கால ஆட்டத்துக்கு மணல் கொள்ளாத கூட்டம். முன்னால் நாற்காலி போட்டு ஆத்மநாதன் உட்கார்ந்திருந்தார். செவந்தி நடிக்கவில்லை, குரலை ஏற்றவுமில்லை. திரையில் பேசியதை அப்படியே தமிழில் சொன்னாள். கோட்டுக்காரர் டாக்டர் இல்லை என்றதும், பெண்கள் பக்கமிருந்து சின்னப்பிள்ளை எழுந்தாள்.

"அப்ப நேத்து ஆண்டி சொன்னது?"

"அவன் அடிச்சு விட்டது."

கொட்டகை சிரித்து ஓய்ந்தது. படத்தில் ஒரு பெண், செத்த மீன்களை மந்திரியின் மேஜையில் கொட்டினாள். விளைச்சல் கூடியிருக்கிறது, இதைப் பெரிசுபடுத்தாதே என்றார் மந்திரி. அந்த வரியையும் செவந்தி ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஆத்மநாதன் எழுந்து, திரையின் வெளிச்சத்தில் முதுகு தெரிய வெளியே நடந்தார். வேலை போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வரியைச் சொன்னாள்.

விடிந்ததும் ஜீப் வந்தது. ஊருணிப் படியெல்லாம் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை.

"எங்களுக்குப் புழுவே போதுங்க" என்றாள் சின்னப்பிள்ளை. "துணியில வடிகட்டிக்கிறோம்."

ஆத்மநாதன் கோபிக்கவில்லை. செவந்தியைப் பார்த்து, "இந்த உத்தியோகம் ஒங்களுக்குச் சரிப்படாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

"சரிங்க சார்."

மூட்டைகளோடு ஜீப் திரும்பியது. ஆபீஸ் பக்கம் போகவில்லை. பக்கத்து ஊர் வண்டிப்பாதையில் இறங்கியது. அங்கேயும் ஒரு ஊருணி உண்டு. அந்த ஊரில் யாரும் படம் பார்க்கவில்லை. வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போகும். முந்திரிக் காட்டுக்குள் விழுந்தால் குறுக்கு வழி.

செவந்தி குடத்தைப் படியில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"எங்கிட்டுடி போற?" என்றாள் சின்னப்பிள்ளை.

"அங்கிட்டு மைக்கெல்லாம் கிடையாது, வாயாலதான் கத்தணும். வாரியா?"

சின்னப்பிள்ளை தன் குடத்தையும் இறக்கி வைத்தாள்.