பிரசிடெண்டின் காது மிஷின்

கண்ணைப் பார்த்துப் பேசாமல் மார்பைப் பார்த்துப் பேசும் ஆண்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. ஊராட்சி மன்றத் தலைவியான புதிதில், கூட்டத்தில் அத்தனை பேரும் அப்படிப் பார்க்கவே, செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் பார்த்தது என்னை அல்ல, ஜாக்கெட்டில் குத்தியிருந்த காது மிஷினை. அதிலும், அதன் மூலையில் எரிந்த கடுகளவு பச்சை லைட்டை.

தலைப்பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் என் காது போய்விட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர், உள்ளே இரண்டு பென்சில் கட்டை. கட்டை என்றால் பேட்டரிதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டை தெம்பாக இருக்கிறவரை லைட் எரியும். லைட் அணைந்தால் என் உலகமும் ஊமையாகிவிடும்.

அந்தக் கட்டையை வாங்கித் தருவது என் வீட்டுக்காரர் அரியமுத்து. வாங்கித் தருவது என்று சொன்னால் பொய். டி.வி. ரிமோட்டில் ஓடிக் களைத்ததை எடுத்து, மாடியில் வெயிலில் காயவைத்து, "சூடு ஏறியிருக்கு, இன்னும் ரெண்டு நாளு ஓடும்" என்று நீட்டுவார். அது ரெண்டு மணி நேரம் ஓடினால் அதிகம். 2001 தேர்தலில் எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் என்னை நிறுத்தினார். கூட்டம் நடந்தால் எனக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் இரண்டு கூட்டங்களில், பாதியிலேயே மிஷின் படுத்துவிட்டது. மீதியை வீட்டுக்காரர் சைகையில் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். பிறகு பார்த்தால், காலனிக்கு வரவேண்டிய அடிபம்பு துணைத் தலைவர் கொளஞ்சியப்பன் மாட்டுக்கொட்டகைக்கு எதிரில் முளைத்து நிற்கிறது! தீர்மானத்தில் என் கையெழுத்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள், ஜீப்பில் வந்த நாலு பேர் எங்கள் ஏரியை அளந்துவிட்டுப் போனார்கள். ஊர் சோறு தின்பதே அந்த ஏரியால்தான். ஆனால் அதற்கடியில் இருப்பது சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் தோண்டித் தின்னும் சுண்ணாம்புக் கல். அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு நானே புதுக் கட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பச்சை லைட் ஜம்மென்று எரிந்தது. மதியம் வரைக்கும் தெருவிளக்கு, சாக்கடை, தெருவிளக்கு, சாக்கடை. கொளஞ்சியப்பன் நொடிக்கொரு தரம் லைட்டைப் பார்த்தார். கடைசியில், "மிச்சத்த அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டார். ஏரி என்ற சொல்லே வரவில்லை. என் காது விழித்திருந்தால் ஏரி வராது. தூங்கினால் வரும், வந்த அன்றைக்கே போய்விடும். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது, என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை.

இதற்கிடையில், கட்டைச் செலவு தாங்காமல் அரியலூரில் அஸ்ஃபாக் கடைக்குப் போனேன். லெப்பைக்குடிகாட்டுப் பையன், டிப்ளமோ படித்தவன். வீட்டில் எல்லோரும் துபாய்க்குப் போ என்று விரட்ட, இவன் ரேடியோவும் செல்போனும் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். மிஷினுக்குப் பச்சை லைட் வைத்துக் கொடுத்தவனும் அவனே.

"கட்டையில உசுரு இருக்குக்கா, அழுத்தம்தான் பத்தல" என்றான். "கெணத்துல தண்ணி கெடக்கு, ஒங்க மிஷினோட கயிறு எட்டல. நான் கயித்த நீட்டி வுடுறேன்."

பழைய கம்ப்யூட்டர் போர்டில் பிடுங்கிய ஒரு கறுப்பு வளையம், அதன்மேல் செம்புக் கம்பிச் சுற்று, மிளகு மாதிரி ஒன்றிரண்டு உருப்படி. எல்லாமே சுண்டுவிரல் நுனியில் அடங்கிவிட்டது. கட்டை தெம்பாக இருக்கும்வரை அது சும்மா கிடக்குமாம். இளைத்ததும் எழுந்து, மிச்சத்தைக் கறந்து, ஏற்றிக் கொடுக்குமாம். முதல் தரம் மாட்டியபோது காதுக்குள் மாவு மில் ஓடியது. "அடப்பாவி, கழட்டுடா!" என்று கத்தினேன். சிரித்தான். சுற்றை மாற்றினான், ஏதோ ஒன்றைக் கூடச் சேர்த்தான். மறுபடி மாட்டினால், ரோட்டில் போகிற பஸ் கண்டக்டர் "ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம்" என்பது தெளிவாகக் கேட்கிறது. அதுவும் என் வீட்டுக்காரரின் வெயிலில் காய்ந்த கட்டையிலேயே!

ஆனால் அஸ்ஃபாக் முகம் சுருங்கிவிட்டது. டப்பாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ஸாரிக்கா. லைட்ட கட்டையோட நேரா வுட்டுட்டேன், சர்க்யூட்டுக்கு மாத்தல. அதான் காது கேக்குது, லைட்டு எரியல. கொடுங்க, ஒரு நிமிசத்துல சரி பண்ணித் தரேன்."

குனிந்து பார்த்தேன். லைட் செத்துக் கிடந்தது. காதில் அவன் குரல் கணீரென்று ஒலித்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"தொட்ட, கையை ஒடிச்சுடுவேன்!" என்றேன்.

"ஏன்க்கா?"

"தம்பி, நீ நல்லா இருப்ப. அது அப்படியே இருக்கட்டும்." கடைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த கூட்டம். வீட்டுக்காரர் கொடுத்த கட்டையையே பணிவாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். தெருவிளக்கு முடிந்தது, சாக்கடை முடிந்தது. டீ வந்த நேரத்தில் பச்சை லைட் மினுக்கி மினுக்கி அணைந்தது. அந்தச் சுண்டுவிரல் சாமான் எழுந்திருக்குமா? ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் டீ கிளாஸை வைக்கும் சத்தம் 'டக்'கென்று காதில் விழுந்தது. கத்திக் கூப்பாடு போடலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, வழக்கம்போல டப்பாவை இரண்டு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, டீயைக் குடித்தேன்.

"அணைஞ்சுடுச்சு" என்றார் கொளஞ்சியப்பன். "ம், எழுதுப்பா. ஏரியத் தூர்வார தனியாருக்கு அனுமதின்னு எழுது. ஆழம் எவ்வளவுன்னு மட்டும் எழுதாத."

கிளார்க் தயங்கினான். "பிரசிடெண்ட் கேட்டாங்கன்னா?"

"செவிடன் காதுல சங்கு ஊதி என்னய்யா ஆவப்போவுது?" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இடி இடிச்சாலே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எங்க போடுன்னு காட்டுறனோ அங்க போடுவா. பொம்மை மாதிரி."

கொளஞ்சியப்பன் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவன். அழுதால் கெட்டுவிடும் என்று கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளார்க் தீர்மானத்தை நீட்டினான். வீட்டுக்காரர் விரலை வைத்து இடம் காட்டினார். பேனாவைத் திறந்தேன்.

"தம்பி, ஆழம் எவ்வளவுன்னு எழுத வேணாம்னு துணைத் தலைவர் சொன்னாருல்ல? அதயும் சேத்து எழுதிடு. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

கிளார்க் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. கொளஞ்சியப்பன் லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி லைட்டைப் பார்த்தார். அது எரியவில்லை. பேயைக் கண்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

"எரியலியே..." என்றார்.

"எரியுது. எனக்கு வயிறு எரியுது" என்று எழுந்தேன். "சோறு போடுற ஏரிய எவனுக்குடா தோண்டக் குடுப்பீங்க? வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்க, மொகத்த ஊருக்குக் காட்டுறேன்!"

ஒரு கையும் எழவில்லை. அதுவரை வாயே திறக்காத நாலாவது வார்டு பூமாலை, "வேணாங்கிறவங்க தூக்கலாமா பிரசிடெண்ட்?" என்று தன் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஆண்களும், ஒவ்வொருவராக, கொளஞ்சியப்பனைப் பார்க்காமல். "தீர்மானம் தள்ளுபடி" என்று நானே சொல்லச் சொல்லக் கிளார்க் எழுதினான். நான் குதித்து ஆடாத குறை!

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அரியமுத்து தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னது... அதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

டப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இனிமே அது எப்ப ஓடுது, எப்ப ஓடலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க" என்றேன். "பாத்துப் பேசுங்க."